தலைமைப் பீடமும் தேயிலைக் கூடையும்

1974ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இரு நாடுகளின் பிரதமர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். பத்தாண்டுகளுக்கு முன்னர் முடிவு காணாது ஒத்திவைக்கப்பட்டிருந்த 150,000 மக்களை எந்த நாடு ஏற்பது என்பதே அவர்கள் பேசிய பொருள். சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதென்று தீர்மானமாயிற்று. இந்தியாவுக்கு 75,000 பேர். இலங்கைக்கு 75,000 பேர். பிரிக்கப்பட்டவர்கள் மலைநாட்டுத் தோட்டங்களின் உழைப்பாளிகளும் அவர்தம் குழந்தைகளும் ஆவர். பிரித்தவர்களோ இரு பெண்மணிகள். ஒருவர் சிறிமாவோ பண்டாரநாயக்கா; மற்றவர் இந்திரா காந்தி.

பெண்ணொருத்தி நாடாள வந்தால் பெண்ணினத்துக்கு விடிவு வந்துவிடும் என்று நம்புவோர் இந்நிகழ்ச்சியை ஒருகணம் எண்ணிப்பார்க்க வேண்டும். கூடையைச் சுமந்து கொழுந்து பறித்த பெண், தான் எந்த நாட்டவள் என்று கேட்கப்படாமலே எண்ணிக்கையின் ஒரு பகுதியாக்கப்பட்டாள். அவளைப் பங்கிட்ட கைகள் பெண்களின் கைகளாயிருந்தமை அவளுக்கு எவ்வித ஆறுதலையும் அளித்திருக்க முடியாது. ஆகவே பெண் தலைவர்களின் வரலாற்றை ஆராயப் புகும் நாம், யார் முதலில் பதவியேற்றார் என்பதோடு நின்றுவிடலாகாது. எந்த வாயில் வழியாக அவர் வந்தார், வந்தபின் யாருக்காக வாயிலைத் திறந்தார் என்னும் இரு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.

1959ஆம் ஆண்டு செப்தெம்பர் 25ஆம் தேதி பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா சுடப்பட்டார், மறுநாள் உயிர் நீத்தார். 1960 மார்ச்சுத் தேர்தலில் சி. பி. டி சில்வாவின் தலைமையில் போட்டியிட்ட சிறீ லங்கா சுதந்திரக் கட்சி 46 ஆசனங்களையே பெற்றது. கணவரை இழந்த சிறிமாவோ தலைமை ஏற்று, இடதுசாரிக் கட்சிகளுடன் போட்டித் தவிர்ப்பு உடன்பாடும் ஏற்பட்டபின், அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் அதே கட்சி 75 ஆசனங்களைக் கைப்பற்றியது. அத்தேர்தலில் அவர் எத்தொகுதியிலும் போட்டியிடவில்லை. ஜூலை 21ஆம் தேதி பிரதமராகப் பதவியேற்றார். பின்னர் செனற் சபையின் உறுப்பினரானார். தேர்தல் மூலம் அமைந்த அரசாங்கமொன்றின் பிரதமர் பதவியைப் பெண்ணொருவர் வகித்தது உலகில் அதுவே முதன்முறை.

அடுப்படியில் நின்றவருக்கு அரசியல் என்ன தெரியும் என்று அன்று ஏளனம் செய்தவர்கள் பலர். அவர்கள் விரைவிலேயே வாய்மூடினர். எண்ணெய் விநியோகத்தில் அந்நியக் கம்பனிகளின் ஆதிக்கத்தை உடைத்ததும், மக்கள் வங்கியை நிறுவியதும், உதவி பெறும் பாடசாலைகளை அரசின் பொறுப்பில் கொணர்ந்ததும் அவரது அரசாங்கமே. 1962இல் இந்திய, சீனப் போரையடுத்து ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டிச் சமரசம் தேடினார். 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாட்டை அதே நகரில் நடத்தினார். ஆற்றலில் ஆணுக்குப் பெண் குறைந்தவளல்லள் என்பதற்கு இவற்றினும் மேலான சான்று தேவையில்லை.

ஆயினும் அவர் வந்த வாயில் எது? குடும்பத்தின் வாயிலே. அது 1960இல் புதிதாகத் திறந்ததன்று. 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவான முதற் பெண்மணியான அடலின் மொலமூறே, தம் தந்தையார் இறந்ததால் வெறுமையான றுவன்வெல்லைத் தொகுதியிலே வென்றார். 1932இல் கொழும்பு வடக்கிலே வென்ற நேசம் சரவணமுத்து, கணவர் இழந்த ஆசனத்தையே பெற்றார். பின்னர் ஆசியா எங்கணும் இவ்வழக்கம் பரவக் காண்கிறோம். நேருவின் மகள் இந்திரா 1966இலும், கொலையுண்ட அக்கினோவின் மனைவி கொறசோன் 1986இலும், தூக்கிலிடப்பட்ட பூட்டோவின் மகள் பெனாசிர் 1988இலும், கொலையுண்ட சியாவுர் ரகுமானின் மனைவி காலிதா சியா 1991இலும், முஜிபுர் ரகுமானின் மகள் ஷேக் ஹசீனா 1996இலும் ஆட்சிக்கு வந்தனர்.

இது தற்செயலன்று. கொள்கையாலும் அமைப்பாலும் கட்டப்படாத கட்சிகளில், தலைவர் மறைந்தவுடன் இரண்டாம் நிலைத் தலைவர்கள் ஒருவரையொருவர் ஏற்க மறுக்கின்றனர். மறைந்தவரின் பெயர் ஒன்றே அவர்களை இணைக்கும் கயிறாகிறது. அப்பெயரைத் தாங்கி நிற்பவர் மனைவியாகவோ மகளாகவோ இருப்பின், நிலமானியப் பண்பு மாறாத சமுதாயம் அவர் பெண் என்பதையும் பொறுத்துக்கொள்கிறது. அங்கே மதிக்கப்படுவது பெண்மையன்று, குலப்பெயரே.

இதனினும் வேறான வாயிலொன்றும் நம் நாட்டில் இருந்தது. அது இயக்கத்தின் வாயில். 1930இல் கிராமப் பெண்களுக்காக லங்கா மகிளா சமித்தியைத் தோற்றுவித்தவர், கனடாவிற் பிறந்து தமிழர் ஒருவரை மணந்து இங்கே வாழ்ந்த டொக்டர் மேரி இரட்ணம். சிறிமாவோவும் பிற்காலத்தில் அச்சங்கத்திலேதான் பொதுப்பணி பயின்றார். 1930களில் சூரியமல் இயக்கத்தை நடத்திய டொறீன் விக்கிரமசிங்கவும் அவர்தம் தோழர்களும், 1934ஆம் ஆண்டின் கொடிய மலேரியாக் காய்ச்சலின்போது கிராமங்களுக்குச் சென்று நிவாரணப் பணி செய்தனர். 1947இல் பிரதிநிதிகள் சபைக்குச் சென்ற முதற் பெண்ணான புளோறன்ஸ் சேனநாயக்கா சமசமாஜக் கட்சியினர். தோட்டங்களிலோ, நடேசையரின் மனைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களிலே பாடினார். இவர்களுட் சிலரின் கணவன்மாரும் தலைவர்களே. எனினும் இவர்கள் போராட்டத்தினூடே வந்தவர்கள். இவர்களில் ஒருவரேனும் நாட்டின் தலைமைப் பீடத்தை எட்டவில்லை.

இவ்வியக்கத்தின் வரலாற்றில் நாம் மறக்கலாகாத கணமொன்றுண்டு. 1927இன் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, அவ்வாண்டிலே அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா சாட்சியமளித்தார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று விரும்புகிறீர்களா என்று டொனமூர் பிரபு வினவினார். நிச்சயமாக, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று அவர் தயங்காது விடையிறுத்தார். பெண்கள் கல்லூரியொன்றை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனோ, பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்து நின்றார். பெண் படிக்கலாம், ஆனால் ஆளலாகாது என்பதே அன்றைய நம் மேற்குடியினரின் நியாயம்.

முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டுமே வாக்களிக்கலாமென ஆணைக்குழு முதலிற் பரிந்துரைத்தது. ஈற்றில் 1931இல் 21 வயதெய்திய ஆணும் பெண்ணும் சமமாக வாக்குரிமை பெற்றனர். பிரெஞ்சுப் பெண்கள் அதற்காக 1944 வரை காத்திருக்க நேர்ந்தது. தோட்ட மக்களுக்கு நிரந்தர வதிவு பற்றிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டபோதிலும், அவர்களுள்ளும் பலர் வாக்காளராயினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. வேறு தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளருக்கும் தோட்ட வாக்குகள் துணையாயின. ஆளும் வர்க்கம் அஞ்சியது இதற்கே.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வச்சத்தின் பிள்ளை. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. அச்சட்டத்தின் ஒரு விதியைப் பெண்ணுரிமை பேசுவோர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வம்சாவழிப் பிரசாவுரிமைக்கு ஒருவரின் தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும் என அது விதித்தது. முறைப்படி மணம்புரிந்த தாய் இம்மண்ணிலே பிறந்தாளா என்பது கணக்கிலே இல்லை. லயத்தின் ஓரறையில் பிள்ளையைப் பெற்று, பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலையேறிய தாயின் பிறப்புக்குச் சட்டத்தின் முன் மதிப்பேதுமில்லை. அச்சட்டம் இனத்தின் பெயரால் தோட்டத் தொழிலாளரை ஒதுக்கியது. அதே மூச்சில் எல்லா இனங்களின் தாய்மாரையும் ஒதுக்கியது.

1960இல் பெண்ணொருவர் பிரதமரானபோது இவ்விதி மாறியதா? இல்லை. 1961இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் நடந்த சத்தியாக்கிரகத்தில் பெண்களும் அமர்ந்திருந்தனர். விடையாக வந்தவை அவசரகாலச் சட்டமும் இராணுவமும். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரின் தலைவிதி பிற்பாடு. அம்மக்களிடமோ அவர்களின் தொழிற் சங்கங்களிடமோ சம்மதம் பெறப்படவில்லை. தலைமன்னார்த் துறையிலே குடும்பங்கள் பிரிந்தன. அண்ணன் அக்கரையிலும் தங்கை இக்கரையிலும் ஆயினர்.

இங்கே இடதுசாரிகளாகிய நாம் நம் நெஞ்சையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சி, 1964 ஒக்டோபரில் சிறிமாவோவின் மந்திரிசபையில் அமர்ந்திருந்தது. 1974இலோ கம்யூனிஸ்டுக் கட்சியும் அரசாங்கத்தில் இருந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. வெள்ளைத் துரை போனான். ஆனால் பெண்ணுக்கு ஆணினும் குறைந்த நாட்சம்பளம் போகவில்லை. தேசியமயமாக்கலின்போது பல தோட்டங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் விரட்டப்பட்டன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் லயங்களிலே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. சமசம்பளம் 1984இல்தான் கிடைத்தது. அதை ஈட்டித் தந்தது தொழிலாளரின் வேலைநிறுத்தமேயன்றி எந்தத் தலைவியின் அருளுமன்று.

உரிமையிழப்பின் கசப்பைச் சிறிமாவோவும் அறிய நேர்ந்தது வரலாற்றின் விந்தை. 1980 ஒக்டோபரில் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் அவருடைய குடியியல் உரிமைகளை ஏழாண்டுகளுக்குப் பறித்துப் பாராளுமன்றத்திலிருந்தும் வெளியேற்றியது. அது அநீதி, அதனைக் கண்டிக்கத் தயங்கலாகாது. அவ்வுரிமைகள் 1986இல் மீளக் கிடைத்தன. 1994இல் மகள் சந்திரிகா ஜனாதிபதியாக, தாயார் மூன்றாம் முறை பிரதமரானார். 2000 ஒக்டோபர் 10ஆம் தேதி, தேர்தலில் தம் வாக்கை அளித்துவிட்டுத் திரும்பும் வழியில் அவர் காலமானார். அவர் இறுதியாகச் செய்த பொதுக்காரியம் வாக்களித்ததே. அதே வாக்குரிமைக்காகத் தோட்டப் பெண்களுள் பலர் அன்றும் காத்திருந்தனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரசாவுரிமை உண்டென்ற திருத்தமும் அதே ஆண்டில் வந்தது. இடையிலே கழிந்தவை 55 ஆண்டுகள். அவற்றுள் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் பெண்ணொருவர் பிரதமராயிருந்த காலம்.

2024ஆம் ஆண்டில் ஹரிணி அமரசூரிய பிரதமரானார். கணவரின் பெயரையோ தந்தையின் பெயரையோ படியாகக் கொள்ளாது, ஆசிரியத் தொழிலினின்றும் இயக்கத்தினின்றும் வந்தவர் அவர். அவ்வாண்டுத் தேர்தலில் மலையகத் தமிழ்ப் பெண்களும் பாராளுமன்றம் புகுந்தனர். இவை வரவேற்கத்தக்க மாற்றங்கள். எனினும் 225 உறுப்பினர் கொண்ட அச்சபையிற் பெண்கள் பத்திலொரு பங்கினரும் ஆகவில்லை. பெண் பிரதமர் இருவரையும் பெண் ஜனாதிபதி ஒருவரையும் முன்னரே கண்ட நாட்டின் கணக்கு இது.

பெண் தலைமை வேண்டாமென்பது நம் வாதமன்று. ஆற்றலுள்ள பெண்ணை அடுப்படியில் அடைத்து வைக்கும் சமுதாயம் தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிறது. ஆனால் தலைமையை அளக்கும் கோல் பீடத்தின் உயரமன்று. அக்னஸ் டி சில்வா ஆணைக்குழுவின் முன் தந்த விடையே அக்கோல்: அவர்களும் பெண்களே. நாளை எப்பெண் தலைமை ஏற்றாலும், மலைச்சரிவிலே கூடையோடு நிற்பவளைப் பற்றி அவ்வினாவை நாம் அவரிடம் கேட்போம். ஆசிரியர்களும் மாணவர்களும் அதை உரக்கக் கேட்கப் பழகுதல் வேண்டும்.