பங்கான் முகாமின் உப்புக் கரைசல்: அறிவு எவ்விடத்தில் உருவாகிறது?

அறிவியல் ஆய்வகத்தில் பிறந்து, முழுமை பெற்றபின் சமூகத்தைச் சென்றடைகிறது என்பது பரவலான நம்பிக்கை. வாய்வழி நீரேற்றச் சிகிச்சையின் வரலாறு இந்நம்பிக்கையை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் மூண்ட போரினால் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவில் தஞ்சம் புகுந்தனர். மேற்கு வங்கத்தின் எல்லை நகரான பங்கானில் ஏதிலியர் முகாம்கள் நிரம்பின, காலரா பரவியது. கல்கத்தாவிலிருந்து அங்குச் சென்ற குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ், மருத்துவமனையின் இரு அறைகளில் நோயாளிகள் தரையில் நெருக்கமாகக் கிடப்பதைக் கண்டார். சிரைவழிச் செலுத்தும் உப்புநீரின் கையிருப்பு தேவைக்குச் சிறிதும் போதவில்லை. ஊசி ஏற்றப் பயிற்சி பெற்றோரும் மிகச் சிலரே.

அப்போது அவர் கைக்கொண்ட வழி முற்றிலும் புதியதன்று. காலரா நச்சு குடலில் நீரைச் சுரக்கச் செய்தே நோயை உண்டாக்குகிறது என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே முயல்களின் குடலில் மெய்ப்பித்திருந்தார். குளுக்கோஸ் உடனிருந்தால் குடல் சோடியத்தையும் சேர்த்து உறிஞ்சும் என்ற கருத்தை 1960இல் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். 1968இல் டாக்கா காலரா ஆய்வகத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் குளுக்கோஸ் கலந்த உப்புக் கரைசலை நோயாளிகளுக்குப் புகட்டி, சிரைவழித் திரவத்தின் தேவை பெரிதும் குறைவதைக் காட்டினர்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1953இல், கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி வாய்வழிக் கரைசலால் காலரா நோயாளிகளைக் குணப்படுத்தியதை ‘லான்செட்’ இதழில் எழுதியிருந்தார். அது கவனம் பெறவில்லை. ஒப்பீட்டுக் குழுவோ நீர் இழப்பு பற்றிய துல்லியமான அளவீடுகளோ அதில் இல்லை. குடல் எவ்வாறு உறிஞ்சுகிறது என்ற விளக்கமும் அன்று இல்லை. பயன் கண்ணுக்குத் தெரிந்தபோதும், அறிவியல் சமூகம் ஏற்கும் வடிவில் அது அமையவில்லை. ஓர் உண்மை அறிவாக ஏற்கப்படுவதற்குச் சான்று மட்டுமன்றி, அச்சான்றைப் படிக்கும் மொழியும் தேவைப்படுகிறது.

1968க்குப் பின் அம்மொழி கிடைத்துவிட்டது. எனினும் ஒரு வினா எஞ்சியிருந்தது: பயிற்சி பெற்ற மருத்துவரும் செவிலியரும் கண்காணிக்காத இடத்தில் இச்சிகிச்சை பயன்படுமா? ஆய்வகத்தால் இதற்கு விடையளிக்க இயலாது. பங்கான் அந்த விடையை அளித்தது. ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் பொடி கலந்து பொட்டலமிடப்பட்டது. கரைசல் குழாய் பொருத்திய பீப்பாய்களில் வைக்கப்பட்டது. தாயரும் உறவினரும் குவளைகளில் பிடித்து நோயாளிகளுக்குப் புகட்டினர். சிரைவழித் திரவம் மட்டுமே நம்பப்பட்ட காலத்தில் 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

இம்முடிவுகள் 1973இல் வெளியாயின. ஆயினும் மருத்துவ உலகின் தயக்கம் உடனே நீங்கவில்லை. ஊசியும் புட்டியுமே உண்மையான மருத்துவம், குடிக்கும் உப்புநீர் வேறு வழியற்ற ஏழைகளுக்கான மாற்று என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. அது வேதியியல் சார்ந்த தயக்கமன்று. சிகிச்சையளிக்கும் தகுதி யாருக்கு உண்டு என்பது பற்றிய சமூகத் தயக்கம். முகாமை நேரில் கண்ட உலக சுகாதார நிறுவன அலுவலர் திமான் பருவா போன்றோரின் விடாமுயற்சியால் 1970களின் இறுதியில் இச்சிகிச்சை உலகளாவிய திட்டமாயிற்று. 1978இல் ‘லான்செட்’ தலையங்கம், இதன் அடிப்படையான கண்டறிதல் அந்நூற்றாண்டின் மிக முக்கிய மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடும் என மதிப்பிட்டது. சட்டர்ஜியின் கட்டுரை கவனிக்கப்படாமல் போனதும் இதே இதழில்தான்.

அடுத்த படியில் சமூகம் கரைசலின் உட்பொருளையே மாற்றியது. 1980 முதல் வங்கதேசத்தில் ‘பிராக்’ அமைப்பின் பெண் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, மூவிரல் சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் நீரில் கரைக்கக் கற்பித்தனர். குளுக்கோஸ் வெல்லமாயிற்று, தராசு விரல்களாயிற்று. கற்பித்த தாயர் எவ்வளவு நினைவில் வைத்திருந்தனர் என்பதைப் பொறுத்தே பணியாளர்களின் ஊதியம் அமைந்தது. தாயர் கலக்கிய கரைசலின் மாதிரிகள் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. அறிவு ஆய்வகத்திலிருந்து அடுக்களைக்குச் சென்று, மீண்டும் ஆய்வகத்துக்குத் திரும்பிய சுழற்சி இது.

ஆகவே, இச்சிகிச்சையைக் கண்டறிந்தவர் யார் என்ற வினாவுக்கு ஒற்றைப் பெயரில் விடையில்லை. குடலின் இயக்கத்தை உணர்ந்த ஆய்வாளரின்றி, அந்தக் கரைசலில் எவ்வளவு உப்பு, எவ்வளவு குளுக்கோஸ் என்ற அளவு கிடைத்திராது. குவளை ஏந்திய தாயரின்றி, அது யாவராலும் செய்யத்தக்கது என்பது தெரிய வந்திராது. டே, சட்டர்ஜி, மகலனாபிஸ் ஆகியோரின் பெயர்கள் தாமதமாகவேனும் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. மகலனாபிஸுக்கு மறைவுக்குப் பின் 2023இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. பங்கான் முகாமின் தரையில் அமர்ந்து, அந்தப் பரிசோதனையைத் தம் கைகளால் நிகழ்த்திக்காட்டிய பெண்களின் பெயர்கள் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை. அறிவியல் வரலாற்றை எழுதுவோர் நிரப்ப வேண்டிய இடம் அதுவே.