கவுஞ்சியிலிருந்து இறங்கும் சரக்கு வண்டி: தலித் ஓட்டுநரின் முதல் ஆண்டு

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர் ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் சாலையில் இருக்கிறது கவுஞ்சி. அதற்கப்பால் பூண்டி, கிளாவரை. இந்த மேல்மலை ஊர்களில் விளையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரைச் சந்தைகளுக்கு இறங்கியாக வேண்டும். வெள்ளைப்பூண்டு வடுகபட்டிக்குப் போக வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவருபவரைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

பழனி மலையில் குன்னுவ வேளாளரின் நிலங்களில் புலையர் மக்கள் அடிமை உழைப்பாளிகளாக இருந்ததை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில ஆட்சிப் பதிவுகள் குறிப்பிடுகின்றன. காலனிய அதிகாரிகளின் பார்வையை ஐயத்தோடுதான் வாசிக்க வேண்டும். ஆனாலும் நிலம் எவரிடம் இருந்தது, உழைப்பு எவருடையதாக இருந்தது என்பதில் அப்பதிவுகள் தெளிவானவை. நிலமற்ற குடும்பத்தில் பிறந்த ஒரு தலித் இளைஞருக்கு, தோட்டக் கூலியிலிருந்து வெளியேற அருகிலிருக்கும் வழிகளுள் ஒன்று சரக்கு வண்டி ஓட்டுவது. அவ்வழி உண்மையில் வெளியே கொண்டுசெல்கிறதா, பழைய சார்புநிலைக்கே வேறொரு கருவியைக் கையில் தருகிறதா என்பது பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே முடிவாகிவிடுகிறது. அதை முடிவு செய்வதில் ஓட்டும் திறனுக்கு இணையான பங்கு அவர் கையிலிருக்கும் தாள்களுக்கும் உண்டு என்று நாம் கருதுகிறோம்.

உரிமமும் வயதும்

முதல் தடை படிப்பு என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். சரக்கு வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. பள்ளியை இடையில் விட்ட மலைக்கிராம இளைஞர்களுக்கு இது பெரிய செய்தி. அது அவர்களைச் சென்றடைந்திருக்கிறதா என்று செயற்பாட்டாளர்கள் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது செய்தி உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்தை இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம், தனி ஒப்புதல் தேவையில்லை என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. குட்டி யானை, பிக்கப் போன்றவை இந்த வரம்புக்குள் அடங்கும். ஆனால் இத்தீர்ப்பைப் பாதியாகப் புரிந்துகொண்டால் ஆபத்து. 20 வயது நிறையாதவர் பொதுச்சாலையில் போக்குவரத்து வாகனம் ஓட்டக் கூடாது என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. 18 வயதில் உரிமம் வாங்கியவரை மஞ்சள் எண்பலகை வண்டியில் ஏற்றிவிடும் உரிமையாளர், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு வாதத்தையும் சேர்த்தே தந்துவிடுகிறார். பெரிய லாரிக்குப் போக விரும்புபவர் இலகுரக உரிமம் பெற்று ஓராண்டு ஆன பிறகே பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியும். அந்த ஓராண்டை மலைச்சாலையில் சிறிய வண்டியோடு கழிப்பது வீண் அன்று.

மூல உரிமத்தை முதலாளியிடம் கொடுத்து வைக்கும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. கொடுக்க வேண்டாம். சோதனையில் காட்ட டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ள உரிமமே போதும் என்பது 2018 முதல் நடைமுறை. எனவே உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்வதற்கு, ஆளைப் பிடித்து வைப்பது தவிர வேறு காரணம் இல்லை.

முன்பணம்

திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ ஒரு தொகை கைமாறும். பிறகு ஒவ்வொரு நடையிலும் பேட்டாவில் கொஞ்சம் பிடிக்கப்படும். கணக்கு முதலாளியின் நோட்டில் மட்டும் இருக்கும். வேறு வண்டிக்குப் போகிறேன் என்றால் ‘கணக்கை முடித்துவிட்டுப் போ’ என்பார். வண்டி ஓடாத நாளில் அதே கணக்குக்காகத் தோட்டத்தில் வேலை செய்யச் சொல்வார். அந்த வேலை ‘உதவி’ என்று அழைக்கப்படும்.

கடனுக்கு ஈடாக, வேறிடம் சென்று வேலை செய்யும் சுதந்திரத்தை இழந்து உழைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி கொத்தடிமை உழைப்பே. அச்சட்டம் அத்தகைய கடனையும் செல்லாததாக்குகிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு கட்டாய உழைப்பாகும் என்று 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் கூறியது. பட்டியல் சாதி, பழங்குடியினரைக் கட்டாய உழைப்புக்கு உட்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். சட்டம் இவ்வளவு இருந்தும் முதல் வருட ஓட்டுநர் முன்பணம் வாங்காமல் இருக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். வாங்கினால் தொகையையும் தேதியையும் தம் கையிலும் எழுதி வைக்கட்டும். சம்பளம் வங்கிக் கணக்குக்கு வரும்படி கேட்கட்டும்.

வங்கிக் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. பணியில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கி இழப்பீடு தரவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இதே முறையைத் தொடர்கிறது. 20 வயதுக்கான காரணி 224. சம்பளம் 15,000 ரூபாய் என்று நிறுவ முடிந்தால் இழப்பீடு 16,80,000 ரூபாய். நிறுவ முடியாமல், ‘மாதம் எட்டாயிரம்தான் கொடுத்தேன்’ என்று உரிமையாளர் சொன்னதே நின்றுவிட்டால் 8,96,000. ‘அவன் என் டிரைவரே இல்லை, ஊர்க்காரப் பையன், சும்மா எடுத்துப் போனான்’ என்று சொல்லிவிட்டால் அந்த வழக்கு எத்தனை ஆண்டு நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லோடு சீட்டு, எடைமேடை ரசீது, மண்டி ரசீது ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும் இதற்காகத்தான். வண்டியின் காப்பீடு ஊதியம் பெறும் ஓட்டுநருக்கான இந்தப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே வண்டியில் ஏறுமுன் காப்பீடும் தகுதிச் சான்றும் காலாவதியாகாமல் உள்ளனவா என்று பார்ப்பது ஓட்டுநரின் சொந்த நலன்.

இறக்கம்

மேல்மலையிலிருந்து கொடைக்கானல் வரை ஒரு சாலை. அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ சமவெளிக்கு இறங்க வேண்டும். எந்தக் கியரில் ஏறுமோ அந்தக் கியரில் இறக்க வேண்டும் என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வது வெறும் வழக்கு அன்று. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடச் சொல்பவர் முதலாளியே ஆனாலும் மறுக்க வேண்டும். குறுகிய வளைவில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. மூடுபனியில் உயர் ஒளி பனியிலேயே பட்டுத் திரும்பிக் கண்ணை மறைக்கும். தாழ் ஒளிதான் வழி காட்டும்.

மிகைச்சுமைதான் உண்மையான சோதனை. மழையில் நனைந்து வரும் மூட்டைகள் கூடுதல் எடை கொண்டவை. ‘இன்னும் பத்து மூட்டைதானே’ என்ற குரல் தோட்டத்திலேயே எழும். மிகைச்சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஓட்டியவர், ஓட்டச் செய்தவர் இருவர் மீதும் சட்டம் பாயும். எடைபோட மறுத்து வண்டியை நிறுத்தாமல் போனால் 40,000. பழைய எஜமான உறவுள்ள ஊரில் ஒரு தலித் இளைஞர் ‘ஏற்றாதீர்கள்’ என்று சொல்வது எளிதன்று. தனி ஆளாகச் சொல்வதைவிட ஓட்டுநர்கள் சேர்ந்து ஒரே வரம்பைச் சொல்வதே நடக்கக்கூடியது.

விபத்து நேர்ந்தால்

அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்கான தண்டனை பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை உயர்ந்துள்ளது. தெரிவிக்காமல் தப்பியோடினால் பத்து ஆண்டு என்ற உட்பிரிவு, 2024 சனவரி லாரி ஓட்டுநர் போராட்டத்துக்குப் பிறகு, மற்ற பிரிவுகளோடு நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. காயமடைந்தவரை மருத்துவமனைக்குச் சேர்ப்பதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை. கூட்டம் தாக்க வரும் நிலையில் அவ்விடத்திலேயே நிற்க வேண்டியதில்லை என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு வெளிப்படையாகவே ஏற்கிறது. சாதி தெரிந்த ஊரில் விபத்து நிகழ்ந்தால் இந்த விதிவிலக்கு உயிரைக் காக்கும். 108ஐ அழைத்துவிட்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போகலாம். சாதி சொல்லித் திட்டினாலோ தாக்கினாலோ அதையும் தனிப் புகாராகப் பதிய வேண்டும். தேசிய வன்கொடுமைத் தடுப்பு உதவி எண் 14566.

வேலைக்குச் சேர்ந்த மாதத்திலேயே அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்துகொள்வது நல்லது. சொந்த வண்டி வாங்கும் எண்ணம் இருப்பவர், தனியார் நிதி நிறுவனத்தின் தவணையில் சிக்குமுன் தாட்கோவின் முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூக பொருளாதாரத் தொழில்முனைவுத் திட்டத்தைப் பார்க்கலாம். திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் மானியமும், 6 விழுக்காடு வட்டி மானியமும் அதில் உண்டு. விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்படும். அது இல்லாத குடும்பங்கள் மலையில் இன்னும் இருக்கின்றன. வண்டி வாங்கும் வேளையில் அல்ல, ஓட்டக் கற்கும்போதே வட்டாட்சியர் அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.