நெட்டை ஆட்டக்காரர்களும் லேக்கர்ஸ் அணியும்

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இந்த ஆட்டத்தை வகுத்தபோது கூடை மாட்டிய உயரமும் அதுதான். வளையம் ஏறவோ இறங்கவோ இல்லை என்பதால், அதன் அடியில் நின்று ஆடும் நெட்டை ஆட்டக்காரருக்கு, அதாவது சென்டருக்கு, தொடக்கம் முதலே தனி மதிப்பு இருந்துவருகிறது. ஏழடியை எட்டும் உயரமும் அதற்கேற்ற லாவகமும் ஒருவரிடமே அமைவது அபூர்வம். எனவே இருக்கும் சிலருக்காக அணிகள் போட்டி போடுகின்றன.

அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்பிஏ வழக்கமாக அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. இடைப்பட்ட கோடைதான் ஆள் சேர்க்கும் காலம். சென்டர் வேண்டும் என்று தேடும் அணிக்கு மூன்று வழிகள் உண்டு: இளம் வீரர்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்ட், தன் வீரர்களைக் கொடுத்து மற்ற அணியின் வீரரை வாங்கும் டிரேட், ஒப்பந்தம் முடிந்து வெளியே நிற்கும் ஃப்ரீ ஏஜென்டுடன் நேரடியாகக் கையெழுத்து. இவற்றில் எது திறந்திருக்கிறது, எதற்கு என்ன விலை என்பதை அந்தந்தக் காலத்து விதிகளே முடிவு செய்தன. இதைத் தொடர்ச்சியாகப் பார்க்க ஏற்ற அணி லேக்கர்ஸ். 1949 முதல் 2020 வரை அது வென்ற 17 பட்டங்களில் எதுவும் பெயர்பெற்ற நெட்டை வீரர் இல்லாமல் வந்ததில்லை. அந்த வீரர்களில் பெரும்பாலோர் வேறு அணிகளில் தொடங்கியவர்கள்.

மைக்கன்: கலைந்த லீக் தந்த பரிசு

1947இல் பென் பெர்கர், மோரிஸ் சால்ஃபென் என்ற இரு மினியாபொலிஸ் வணிகர்கள் டெட்ராய்ட் ஜெம்ஸ் அணியை 15,000 டாலருக்கு வாங்கினார்கள். முந்தைய பருவத்தில் அந்த அணி ஆடிய 44 ஆட்டங்களில் வென்றவை 4 மட்டுமே. அதில் இருந்த வீரர்கள் ஏற்கெனவே மற்ற அணிகளுக்குப் போய்விட்டதால், வாங்கியவர்களுக்கு மிஞ்சியது நேஷனல் பாஸ்கெட்பால் லீகில் ஓர் இடமும் கடைசி இடத்தில் முடித்த அணி என்ற தகுதியும்தான். ஏரிகள் நிறைந்த மாநிலம் என்பதால் அணிக்கு லேக்கர்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் கடைசி இடமே அதிர்ஷ்டமாக மாறியது. சிகாகோ அமெரிக்கன் கியர்ஸ் அணிக்காக 6 அடி 10 அங்குல உயரமுள்ள ஜார்ஜ் மைக்கன் ஆடிவந்தார். கண்ணாடி அணிந்து ஆடிய அவர்தான் அக்காலத்தின் முதல் நட்சத்திரம். கியர்ஸ் உரிமையாளர் தன் அணியைப் பிரித்துக்கொண்டு சொந்தமாக ஒரு லீக் தொடங்கினார். சில வாரங்களில் அது படுத்துவிட்டது. அதில் ஆடியவர்களைப் பழைய லீக் தன் அணிகளுக்குப் பங்கிட்டபோது, கடைசி இடத்து அணி என்ற முறையில் முதல் வாய்ப்பு லேக்கர்ஸுக்குக் கிடைத்தது. ஒரு வீரரைக்கூட இழக்காமல் மைக்கன் கைக்கு வந்தார்.

1948இல் அந்த லீகின் பட்டம், 1949, 1950, 1952, 1953, 1954இல் என்பிஏவும் அதன் முன்னோடியும் தந்த பட்டங்கள் என்று வெற்றிகள் குவிந்தன. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கு ஒருமுறை தன் வாசல் பலகையில் லேக்கர்ஸ் பெயரையே போடாமல், ஜார்ஜ் மைக்கனும் நிக்ஸ் அணியும் மோதுவதாக எழுதி வைத்தது. மைக்கனை அடக்கவே விதிகள் திருத்தப்பட்டன. வளையத்தின் முன் தாக்கும் வீரர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாத பகுதியின் அகலம் 1951இல் 6 அடியிலிருந்து 12 அடி ஆனது. 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் அணி மைக்கனிடம் பந்து போகாதபடி தன்னிடமே வைத்துக்கொண்டு 19-18 என்று வென்றது. லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15 மைக்கன் போட்டவை. இத்தகைய ஆட்டங்களே, 24 விநாடிக்குள் பந்தை வளையத்துக்கு எறிய வேண்டும் என்ற விதி 1954இல் வரக் காரணமாயின. அதே ஆண்டில் மைக்கன் ஓய்வு பெற்றார். பின்னர் சிறிது காலம் திரும்பி வந்தாலும் பழைய வெற்றிகள் வரவில்லை.

சேம்பர்லெய்ன்: மூவருக்கு ஒருவர்

1956இல் பாஸ்டன் செல்டிக்ஸ் செய்த ஒரு டிரேட் அடுத்த 13 ஆண்டுகளை நிர்ணயித்தது. எட் மெக்காலி, கிளிஃப் ஹேகன் இருவரையும் செயின்ட் லூயிஸ் அணிக்குக் கொடுத்து, டிராஃப்டில் பில் ரஸ்ஸலை செல்டிக்ஸ் பெற்றது. அவரை வைத்து 11 பட்டங்கள் வென்றது. 1960இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்த லேக்கர்ஸிடம் எல்ஜின் பெய்லர், ஜெர்ரி வெஸ்ட் என்ற இரு மேதைகள் இருந்தும், ரஸ்ஸலுக்கு ஈடுகொடுக்கும் சென்டர் இல்லை. 1962, 1963, 1965, 1966, 1968 என ஐந்து இறுதிச் சுற்றுகளில் செல்டிக்ஸிடம் தோற்றது.

அக்காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் மீதான உரிமை அணியிடமே இருந்தது. ஆகவே பெரிய சென்டரைப் பெற டிரேட் ஒன்றே வழி. 1968 ஜூலையில் அந்த வழி திறந்தது. 7 அடி 1 அங்குல உயரமுள்ள வில்ட் சேம்பர்லெய்ன், பிலடெல்ஃபியாவில் மனம் ஒட்டாமல், புதிதாகத் தோன்றியிருந்த போட்டி லீகான ஏபிஏவுக்குப் போய்விடுவதாக அழுத்தம் கொடுத்தார். முற்றிலும் இழப்பதைவிட ஏதாவது கிடைத்தால் போதும் என்ற நிலையில், டேரல் இம்ஹாஃப், ஆர்ச்சி கிளார்க், ஜெர்ரி சேம்பர்ஸ் மூவரையும் பெற்றுக்கொண்டு பிலடெல்ஃபியா அவரை விட்டது. அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் விருது பெற்றவர் அடுத்த பருவத்துக்குள் அணி மாற்றப்பட்டது அதுவே முதல் முறை.

பலன் உடனே வரவில்லை. 1969 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்துக்கு உரிமையாளர் ஜாக் கென்ட் குக் அரங்கின் கூரையில் வெற்றி பலூன்களைக் கட்டி வைத்திருந்தார். கடைசி ஆறு நிமிடத்துக்குள் முழங்கால் வலியால் வெளியேறிய சேம்பர்லெய்ன், மீண்டும் ஆடத் தயார் என்று சொல்லியும் பயிற்சியாளர் அவரை இறக்கவில்லை. செல்டிக்ஸ் 108-106 என்று வென்றது. 1971-72 பருவத்தில் தொடர்ந்து 33 ஆட்டங்களை வென்று, 82இல் 69 வெற்றிகளுடன் லேக்கர்ஸ் பட்டம் பெற்றபோது சேம்பர்லெய்னுக்கு வயது 35.

அப்துல் ஜபார்: விரும்பிக் கேட்ட இடமாற்றம்

1969இல் டிராஃப்டின் முதல் இடத்துக்காக ஃபீனிக்ஸும் மில்வாக்கியும் நாணயம் சுண்டின. வென்ற மில்வாக்கிக்கு 7 அடி 2 அங்குல லூ அல்சிண்டர் கிடைத்தார். கரீம் அப்துல் ஜபார் என்று பெயர் மாற்றிக்கொண்ட அவர், தன் வாழ்க்கைமுறைக்கு ஒத்துவரும் ஊர் வேண்டும் என்று நியூயார்க்கையோ லாஸ் ஏஞ்சல்ஸையோ கேட்டார். 1974-75 பருவத்தில் 30 ஆட்டங்கள் மட்டுமே வென்றிருந்த லேக்கர்ஸ், 1975 ஜூனில் நான்கு பேரைக் கொடுத்தது: சென்டர் எல்மோர் ஸ்மித், பிரையன் விண்டர்ஸ், அந்த ஆண்டு டிராஃப்டில் அப்போதுதான் எடுத்திருந்த டேவ் மையர்ஸ், ஜூனியர் பிரிட்ஜ்மன்.

அடுத்த பருவத்தில் அப்துல் ஜபார் லீகின் சிறந்த வீரர் ஆனார். ஆனால் லேக்கர்ஸ் 40 வெற்றி, 42 தோல்வியுடன், பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்கே போகவில்லை. நெட்டை வீரருக்காக அணியின் நடுவரிசையையே கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று. 1979இல் டிராஃப்டின் முதல் இடத்தில் மேஜிக் ஜான்சன் வந்த பிறகே நிலை மாறியது. 1980, 1982, 1985, 1987, 1988 பட்டங்களுக்குப் பின், 1989இல் 38,387 புள்ளிகளுடன் அப்துல் ஜபார் ஓய்வு பெற்றார். அந்தச் சாதனை 2023 பிப்ரவரி வரை நின்றது.

அவருடைய இடத்துக்கு லேக்கர்ஸ் அதிக விலை கொடுக்கவில்லை. 1989 டிராஃப்டில் 26ஆவது இடத்தில் யுகோஸ்லாவியாவின் விளாடே டிவாட்ஸ் கிடைத்தார். ஐரோப்பிய வீரர்களை அமெரிக்க அணிகள் இன்னும் ஐயத்துடன் பார்த்த காலம் அது. அதனால்தான் 7 அடி 1 அங்குலக்காரர் அவ்வளவு பின்னால்வரை காத்திருந்தார்.

ஓ'நீல்: சம்பளக் கணக்கில் வென்ற கோடை

ஆஸ்கார் ராபர்ட்சன் பெயரால் அறியப்படும் வழக்கு 1976இல் சமரசமான பிறகு, வீரர்களுக்கு அணி மாறும் உரிமை படிப்படியாகக் கிடைத்தது. 1984-85 பருவத்தில் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு 36 லட்சம் டாலர் என்ற வரம்பு வந்தது. 1988 முதல், தகுதியுள்ள வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் எந்தத் தடையுமின்றி வேறு அணிக்குப் போக முடிந்தது. வரம்புக்குள் இடம் வைத்திருக்கும் அணி, யாரையும் ஈடு கொடுக்காமலே பெரிய சென்டரை எடுக்கலாம் என்றானது.

1996 கோடையில் ஆர்லாண்டோவின் ஷகில் ஓ'நீல் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். லேக்கர்ஸுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு, முன்பு அதற்காக ஆடிய ஜெர்ரி வெஸ்டிடம் இருந்தது. சம்பள வரம்பு சுமார் 2 கோடியே 43 லட்சம் டாலர். சொந்த வீரரைத் தக்கவைக்க ஆர்லாண்டோ வரம்பைத் தாண்டலாம்; லேக்கர்ஸ் தாண்ட முடியாது. எனவே வெஸ்ட் கணக்கைக் குறைக்கத் தொடங்கினார். டிவாட்ஸை ஷார்லட் அணிக்கு அனுப்பி, அந்த அணி டிராஃப்டில் 13ஆவதாக எடுத்த 17 வயது கோபி பிரையன்டைப் பெற்றார். ஊர் மாறுவதைவிட ஓய்வு பெறுவேன் என்று டிவாட்ஸ் சொன்னதால் டிரேட் சில நாட்கள் தொங்கலில் நின்றது. அடுத்து ஆன்டனி பீலர், ஜார்ஜ் லின்ச் இருவரையும் வான்கூவர் அணிக்குத் தள்ளிவிட்டார்; ஈடாக எந்த வீரரையும் வாங்கவில்லை. அப்படி ஒழித்த இடத்தில்தான் 7 ஆண்டுக்குச் சுமார் 12 கோடி டாலர் என்ற ஒப்பந்தம் பொருந்தியது. ஆர்லாண்டோவின் உள்ளூர் நாளிதழ், ஓ'நீலுக்கு இவ்வளவு கொடுக்கலாமா என்று வாசகர்களைக் கேட்டபோது மிகப் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். ஜூலை 18 அன்று அவர் லேக்கர்ஸுக்கு வந்தார். 2000, 2001, 2002 மூன்று பட்டங்களிலும் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் அவரே.

கைவிட்டதும் கைக்கு எட்டியதும்

2004இல் ஓ'நீலை மயாமிக்கு அனுப்பிய பிறகு, 2005 டிராஃப்டில் 10ஆவது இடத்தில் 17 வயது ஆண்ட்ரூ பைனமை எடுத்து லேக்கர்ஸ் வளர்த்தது. 2008 ஜனவரியில் அவர் காயமடைந்ததும் கோடைவரை காத்திராமல் பிப்ரவரியிலேயே மெம்ஃபிஸிடமிருந்து பாவ் கசோலை வாங்கியது. ஈடாகப் போனவற்றில் 2007 டிராஃப்டில் 48ஆவதாக எடுத்த அவருடைய தம்பி மார்க் கசோலின் உரிமையும் ஒன்று. பாவ் 2009, 2010 பட்டங்களுக்குத் துணைநின்றார். மார்க் 2013இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார்.

2012 ஆகஸ்டில் நான்கு அணிகள் கலந்த டிரேடில் பைனமைக் கொடுத்து டுவைட் ஹோவர்டை லேக்கர்ஸ் பெற்றது. பிலடெல்ஃபியாவுக்குப் போன பைனம் முழங்கால் கோளாறால் அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஹோவர்டும் நிலைக்கவில்லை. 2013 கோடையில் அவரைத் தங்கிவிடும்படி வேண்டி லாஸ் ஏஞ்சல்ஸில் விளம்பரப் பலகைகள் வைத்தும், குறைந்த தொகைக்கு ஹூஸ்டனுக்குப் போனார்.

2016இல் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் சம்பள வரம்பு 7 கோடி டாலரிலிருந்து 9 கோடியே 41 லட்சமாக ஒரே தாவலில் உயர்ந்தது. எல்லா அணிகளின் கையிலும் பணம் புரண்டது. சந்தை திறந்த உடனேயே டிமோஃபி மாஸ்கோவ் என்ற சென்டருக்கு 4 ஆண்டுக்கு 6 கோடியே 40 லட்சம் டாலர் தர லேக்கர்ஸ் ஒப்புக்கொண்டது. மூன்று புள்ளி எறிதல் பெருகி, வளையத்தடியில் நிற்பவர்களின் தேவை குறைந்துகொண்டிருந்த நேரம் அது. மறு ஆண்டே அந்த ஒப்பந்தத்தைக் கழற்றிவிட, டிராஃப்டில் இரண்டாவதாக எடுத்திருந்த டி'ஆஞ்சலோ ரஸ்ஸலையும் சேர்த்து புரூக்ளினுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் வந்த புரூக் லோபெஸ், தொலைவிலிருந்தும் எறியத் தெரிந்த ஏழடி சென்டர். ஓராண்டில் அவரையும் விட்டுவிட்டார்கள். சொற்பச் சம்பளத்துக்கு மில்வாக்கி போன லோபெஸ் 2021இல் அங்கே பட்டம் வென்றார்.

2019 கோடையில் லேக்கர்ஸ் இரண்டு விதமாக ஆள் சேர்த்தது. ஆன்டனி டேவிஸுக்காக லோன்சோ பால், பிராண்டன் இங்ரம், ஜோஷ் ஹார்ட் மூவரையும் பல டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொடுத்தது. சென்டராக எப்போதும் ஆட டேவிஸ் விரும்பாததால், அந்தப் பாரத்தைச் சுமக்க மலிவான ஆட்களைத் தேடியது. ஒப்பந்தம் செய்த டிமார்கஸ் கஸின்ஸ் ஆகஸ்டில் முழங்கால் தசைநார் கிழிந்து விழவே, ஆறு ஆண்டு முன் கைவிட்டுப் போன ஹோவர்டை, எந்த நேரமும் நீக்கலாம் என்ற நிபந்தனையுடன் குறைந்தபட்சச் சம்பளத்தில் அழைத்தது. டென்வரின் நிகோலா யோகிச்சைத் தடுக்க அவர் பயன்பட்டார். ஆனால் 2020 அக்டோபர் 11 அன்று பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் அவரை உட்காரவைத்து, டேவிஸையே சென்டராக்கித் தொடங்கி, மயாமியை 106-93 என்று வென்றார்கள்.

2025 பிப்ரவரியில் டேவிஸை டல்லாஸுக்குக் கொடுத்து லூகா டோன்சிச்சை வாங்கியதில் சென்டர் இடம் மீண்டும் காலியானது. ஷார்லட்டின் மார்க் வில்லியம்ஸை வாங்கும் டிரேட் மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ரத்தானது. அந்தக் கோடையில், 2018 டிராஃப்டின் முதல் தேர்வும் போர்ட்லண்ட் ஒப்பந்தத்தை முடித்து விடுவித்தவருமான டிஆண்ட்ரே எய்டனுடன் லேக்கர்ஸ் கையெழுத்திட்டது.

இந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், மதிப்புமிக்க நெட்டை வீரர்கள் லேக்கர்ஸுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மற்றொரு அணிக்கு அவர்களை வைத்திருக்க முடியாமல் போனபோதுதான். கையில் பணம் இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கிய மாஸ்கோவ் ஓராண்டுகூட முழுதாக நிலைக்கவில்லை.