முகமாலை மூடப்பட்ட மாதம்

2006 ஆகஸ்டில் முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டது. வன்னி நோயாளருக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கான தரைவழி அற்றுப்போனது. அதே மாதம் ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா, எலியின் சாதாரண கலங்களுள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அவற்றை ஸ்டெம் செல் எனப்படும் குருத்துக்கலங்களாக மாற்றிய ஆய்வை வெளியிட்டார். நான் முதலாவது செய்தியையே எழுதினேன், இரண்டாவதைக் கவனிக்கவில்லை.

முளையத்திலிருந்து பெறப்படுபவை, யமனாக்கா முறையில் ஆக்கப்படுபவை, வளர்ந்த உடலில் இருப்பவை எனக் குருத்துக்கலங்கள் மூவகை. மருத்துவத்தில் நெடுங்காலமாக நிலைபெற்றிருப்பது மூன்றாவதே. என்புமச்சையிலுள்ள குருதியாக்கும் கலங்களை மாற்றிப் பொருத்தி, இரத்தப் புற்றுநோயாளர், தலசீமியா நோயாளர் பலரைக் குணப்படுத்த முடிகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986 இல் ஆரம்பமானது.

ஆனால் அந்நாட்களில் வேலூருக்கு முன்னர் ஓமந்தையைக் கடக்கவேண்டியிருந்தது. அனுமதி கிடைக்காத வன்னி நோயாளிக்கு, பழைய சிகிச்சையும் புதிய கண்டுபிடிப்பும் ஒரே தூரத்திலேயே இருந்தன.