பேழையும் அலமாரியும்: உயிரிப் பாதுகாப்புக் கருவிகளின் பெயர் வரலாறு

2021 சூலை 8ஆம் நாள், பாறசாலையைச் சேர்ந்த ஒருவருக்குச் சிக்கா நச்சுயிரித் தொற்று கண்டறியப்பட்ட செய்தி வெளியாயிற்று. கேரளத்தில் அறியப்பட்ட முதல் சிக்கா தொற்று அதுவே. மாதிரிகளை ஆராய்ந்து உறுதிசெய்தது புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம். 1956இல் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலும் அதனை ஒட்டிய விளவங்கோடு தமிழகத்திலும் அமைந்தன. எனினும் எல்லையின் இருபுறமும் இருமொழிகளும் வழங்குகின்றன. எனவே ஒருபுறம் எழுதப்படும் ஆய்வகக் குறிப்பு மறுபுறத்து மொழியிலும் தேவைப்படுகிறது. அங்கே இடர் தருவது கருவியின் பெயராகும்.

ஆய்வக வழக்கில் 'ஹூட்' என்னும் ஒரே சொல் நேர்மாறான இரு கருவிகளைக் குறிக்கிறது. கிடைநிலைச் சீர்காற்று மேசை தூய காற்றை மாதிரியின் மீது செலுத்தி, பணியாளரின் முகத்தை நோக்கி வெளியேற்றும். அதனால் காக்கப்படுவது மாதிரி மட்டுமே. உயிரிப் பாதுகாப்புப் பேழையோ முதற்கண் பணியாளரைக் காப்பது. இரண்டையும் 'தூய்காற்றுப் பெட்டி' என மொழிபெயர்ப்பின், அதை நம்பித் தொற்றுள்ள மாதிரியைத் திறப்பவர் நோய்க்கு ஆளாகலாம்.

பேழைகளின் எண்வரிசை கால வரிசையன்று. முற்றிலும் அடைபட்டு, கையுறைகளின் வழியாகவே இயக்கப்படும் மூன்றாம் வகுப்பின் முன்மாதிரி, 1943இல் அமெரிக்காவின் கேம்ப் டெட்ரிக்கில் உருவாயிற்று. இரண்டாம் வகுப்பு, சீர்காற்று முறை கண்டறியப்பட்ட 1960களுக்கு உரியது. அறைக்காற்றை உள்ளிழுத்துப் பணியாளரைக் காப்பதோடு, வடிகட்டிய காற்றை மேலிருந்து இறக்கி மாதிரியையும் காக்கும். வெளியேறும் காற்றும் வடிகட்டப்படும். முதல் வகுப்பில் மாதிரிக்குக் காப்பில்லை.

பேழையின் வகுப்பு வேறு, ஆய்வகத்தின் பாதுகாப்பு நிலை வேறு. மூன்றாம் நிலை ஆய்வகத்தில் இரண்டாம் வகுப்புப் பேழை இருப்பது இயல்பே. இரண்டையும் 'நிலை' எனக் குறிப்பின் பொருள் சிதையும். வகுப்பு, வகை, நிலை என்னும் மூன்று சொற்களையும் பிரித்தாளுதல் வேண்டும்.

'அலமாரி' போர்த்துகீசியத்திலிருந்து வந்து தமிழிலும் மலையாளத்திலும் நிலைத்த சொல். ஆயினும் அது பொருள்களை அடுக்கிவைக்கும் இடத்தையே நினைவூட்டும். 'பேழை' அடைப்பையும் காப்பையும் ஒருங்கே உணர்த்துகிறது. தமிழ் விவிலியத்தில் நோவாவின் கலம் பேழை என்றே வழங்குவதால், கிறித்தவர் மிகுந்த இவ்வெல்லைப் பகுதியில் அப்பொருள் எளிதில் விளங்கும். மலையாள விவிலியம் அதனைப் 'பெட்டகம்' என்கிறது. இரு சொற்களும் தமிழருக்கு அயலானவை அல்ல.

இரண்டாம் வகுப்பின் உட்பிரிவுகளில் மற்றொரு சிக்கல் உண்டு. 1976இல் வெளிவந்த அமெரிக்கத் தரநூலான என்.எஸ்.எஃப். 49, 2002இல் திருத்தப்பட்டபோது பெயர்கள் மாறின. முன்னைய 'பி3' வகை 'ஏ2' ஆயிற்று. 'பி2' அப்பெயரிலேயே தொடர்ந்தது. உள்ளிழுத்த காற்று முழுவதையும் வெளியேற்றுவது அது. ஏ2 வகையோ காற்றின் பெரும்பகுதியை வடிகட்டி மீண்டும் உள்ளேயே சுழற்றும். பழைய கையேட்டைப் பெயர்ப்போர் மூலத்திலுள்ள 'பி3' என்பதை அழிக்காமல், அதனருகே 'இன்றைய ஏ2' எனக் குறித்தல் வேண்டும்.