கிற்றார்ப் பலகையின் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

கிற்றாரில் இடது கைவிரல்கள் தந்தியை அழுத்தும் நீண்ட பலகைதான் பிரெட்போர்ட். மலிவான கிற்றாரில் அது கருகருவென்று இருந்தால் பெரும்பாலும் கருங்காலி அல்ல, வெளிர் மரத்துக்கு ஏற்றிய சாயம். சில வருடம் வாசித்தால் விரல் படும் இடங்கள் வெளிறிவிடும். என்னுடையதும் அப்படித்தான்.

கருங்காலியிலேயே பெயர்பெற்றது இலங்கைக் கருங்காலி. வன்னி உட்பட வறண்ட வலயக் காடுகளில் வளர்வது. காலனித்துவ காலத்தில் கப்பல் கப்பலாகப் போனது. இன்று அதன் ஏற்றுமதியைச் சட்டம் அனுமதிப்பதில்லை. கிற்றார்க்காரர்கள் ஆபிரிக்காவுக்குத் திரும்பினார்கள். 2011இல் கமரூனில் ஒரு கருங்காலி ஆலையைப் பங்காளியுடன் வாங்கிய அமெரிக்க கிற்றார்த் தயாரிப்பாளர் பொப் ரெய்லர், அங்கே வெட்டப்படும் பத்து மரத்தில் ஒன்றுதான் முழுக் கறுப்பு, கோடு விழுந்த மற்றவை காட்டிலேயே விடப்படுகின்றன என்று அறிந்தார். வெட்டிப் பார்க்கும்வரை நிறம் தெரியாது. ஓசையிலோ உறுதியிலோ குறையில்லை. ஆகவே கோடுள்ள கருங்காலி உங்களிடம் இருந்தால் சாயம் பூசாதீர்கள் என்பேன்.

வெளிறிய பலகைக்குச் சாயமேற்றலாம். பளபளப்பான வார்னிஷ் பூசிய பலகையில் இது பிடிக்காது. தந்திகளைக் கழற்றி, பிரெட் கம்பிகள், புள்ளிகள், ஓரங்கள் எல்லாவற்றையும் ரேப்பால் மூடுங்கள். கை எண்ணெய் போக, சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தால் துடையுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம். நுண்ணிய அரத்தாளால் மரத்தின் போக்கிலேயே தேய்த்த பின், தோலுக்குப் பூசும் ஸ்பிரிட் சாயத்தைக் கையுறை போட்டுக்கொண்டு மெல்லிதாக இரண்டு மூன்று தடவை பூசி, ஒரு நாள் காயவிடுங்கள்.

பழைய வழியும் உண்டு. இரும்புப் பஞ்சை வினாகிரியில் சில நாள் ஊறவிடுங்கள். போத்தலை இறுக மூடக்கூடாது, வாயு வரும். பலகையில் முதலில் கடும் சாயத் தேநீர், அது காய்ந்ததும் இந்த நீர். தேயிலையின் தனின் இரும்புடன் சேர்ந்து மரத்துக்குள்ளேயே கறுக்கும்.

எதுவானாலும் வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாதவரை துடைத்த பிறகே எண்ணெய். கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெயை மிகக் கொஞ்சமாகத் தேய்த்து, பத்து நிமிடத்தில் மிச்சத்தை முழுதாகத் துடைத்தெடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவேண்டாம். தானே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துவிடுங்கள். தந்தி பூட்ட இரண்டு மூன்று நாளாவது பொறுக்கவேண்டும்.