திரைக்கதை எழுதியவரின் பங்கு

திரைப்படம் கண்டு வீடு திரும்புவோர் நடிகரின் பெயரைச் சொல்லி மகிழ்வர், பாட்டை முணுமுணுப்பர். அந்நடிகர் பேசிய சொற்களை எழுதியவர் யார், அவருக்குக் கிடைத்த ஊதியம் என்ன என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவுக்குரிய வரலாற்றின் பெரும்பகுதி, நம்மவர் பலர் பிழைப்புக்காகக் குடியேறிய பம்பாயிலும் பூனாவிலும் நிகழ்ந்தது.

இந்திப் புதின ஆசிரியர் பிரேம்சந்த், 1934-இல் பம்பாய் அஜந்தா சினிடோன் நிறுவனத்தில் ஆண்டுக்கு 8,000 ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார். அன்று அது பெருந்தொகைதான். அவர் எழுதிய ‘மஸ்தூர்’ ஆலைத் தொழிலாளரின் துயரைக் கூறிற்று. பம்பாயில் அப்படம் தடைசெய்யப்பட்டது. ஓராண்டு ஒப்பந்தம் நிறைவெய்து முன்பே, 1935 ஏப்ரலில், அவர் அந்நகரை விட்டு நீங்கினார். நம் புதுமைப்பித்தனும் ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் பூனா சென்றார். காசநோய்க்கு ஆளாகி, 1948-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். எழுதி முடித்த படம் எத்தனை ஆண்டு ஓடினும், எழுதியவனுக்கோ அவன் குடும்பத்துக்கோ அதில் பங்கு வரும் வழக்கம் அன்று இல்லை.

சட்டமும் முதலாளியின் பக்கமே நின்றது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தொடர்புற்ற வழக்கில் 1977-இல் தீர்ப்பளித்தது. மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், பணம் கொடுத்து எழுதச்செய்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்பது அதன் சாரம். கதாசிரியர் நிலையும் இதனினும் மேம்பட்டதன்று.

உரிமை இருக்கட்டும், பெயரே அரிதாயிருந்தது. 1973-இல் ‘ஜஞ்சீர்’ வெளிவந்தபோது சுவரொட்டிகளில் தம் பெயரைக் காணாத சலீம் கானும் ஜாவேத் அக்தரும், ஓர் ஆளை அமர்த்திப் பம்பாய்ச் சுவரொட்டிகளில் அதை எழுதச்செய்தனர். நகைப்புக்குரிய செய்திபோல் தோன்றும். ஆயினும் அதற்குப் பின்னரே, எழுத்தாளர் பெயருக்கும் சந்தையில் விலையுண்டு என்பதைப் படமுதலாளிகள் உணர்ந்தனர்.

அதே அக்தர் மாநிலங்களவை உறுப்பினராயிருந்து வாதாட, 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்கக் காட்சி நீங்கலாக, பிற வழிகளில் படைப்பு பயன்படும்போது கிடைக்கும் உரிமைத்தொகையில் எழுதியவருக்குச் சமபங்கு உண்டு. அதை வாரிசுகளுக்கோ, உரிமைத்தொகை திரட்டும் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் அவர் விட்டுக்கொடுக்கவும் இயலாது. இப்பிந்திய விதியையே நான் பெரிதாக மதிக்கிறேன். வாடகை கொடுக்க வழியற்றவன் எந்தத் தாளிலும் கையெழுத்திடுவான் என்பதை அறிந்து, அக்கையெழுத்தையே செல்லாததாக்கிவிட்டது சட்டம்.

ஆயினும், முதலில் தரவேண்டிய கூலி எவ்வளவு, பாதியில் விலக்கப்பட்ட எழுத்தாளருக்கு என்ன ஈடு என்பவைபற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. அவற்றை ஒப்பந்தத்தில்தான் எழுதி வாங்கவேண்டும். புதிதாக வருபவர் தனியே நின்று கேட்டால் கதவு சாத்தப்படும். 1960-இல் தொழிற்சங்கமாகப் பதிவுபெற்ற பம்பாய் எழுத்தாளர் சங்கம், உறுப்பினரின் கதைகளைப் பதிவுசெய்து காத்தும், ஊதியத் தகராறுகளில் அவர் பக்கம் நின்றும் வருகிறது.